விமானத்துக்குள் காற்று குறைந்தால்: விபத்தின் காரணத்தைத் தேடப் பழகுகிறவர்களுக்கு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ் ஏறினால், அடிவாரம் தாண்டி நாலைந்து கொண்டை ஊசி வளைவுகளுக்குள் காது அடைத்துக்கொள்ளும். எச்சில் விழுங்கினால் டப்பென்று திறக்கும். இருபதாவது வளைவையும் தாண்டி ஏரிக்கரையில் இறங்கும்போது, பையில் இருக்கிற சிப்ஸ் பாக்கெட் தலையணை மாதிரி உப்பியிருக்கும். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியதால் நமக்கு இதில் வியப்பில்லை. விமானத்தில் காற்றழுத்தக் கோளாறால் நடந்த விபத்துகளை நான் சொல்லித்தரத் தொடங்குவது இந்தக் காதடைப்பிலிருந்துதான்.

இருபத்தேழு வருடம் விமானப் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலிடெக்னிக், இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு வருவார்கள். ஒரு விபத்து அறிக்கையை எடுத்து, வாரக்கணக்கில் உட்கார்ந்து படிப்போம். விமான விபத்து விசாரணை என்றால் என்னவென்றே தெரியாமல் வந்தவர்கள்தான் எல்லோரும். அவர்களுக்குச் சொல்கிற வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். கூடவே ஒரு விபத்தைக் கையில் பிடித்துக்கொள்வோம்: 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸ் வழியாக பிராக் செல்லக் கிளம்பி, கிரீஸில் கிராமாட்டிகோ என்ற ஊருக்கு அருகே மலையில் விழுந்த ஹீலியோஸ் 522 (விமான நிறுவனத்தின் பெயரும் பறப்பு எண்ணும்). போயிங் 737-300 விமானம். பயணிகள் 115, பணியாளர்கள் 6, ஆக 121 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை.

முதலில் மலையேறி வாருங்கள்

அறிக்கையைத் திறக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். காற்றழுத்தம் அளக்கும் உணரி பல போன்களில் இருக்கிறது, அதைக் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். நகரத்தில் ஒரு முறை, அடிவாரத்தில் ஒரு முறை, பிறகு ஐந்து வளைவுக்கு ஒரு முறை அளவைக் குறியுங்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர். அங்கே 980 ஹெக்டாபாஸ்கலை ஒட்டிக் காட்டும். ஏற்காடு 1,500 மீட்டர், அதாவது ஏறக்குறைய 5,000 அடி. அங்கே 850ஐ ஒட்டி வரும். மேலே ஒரு காலித் தண்ணீர் பாட்டிலை இறுக மூடிக் கீழே கொண்டுவாருங்கள். அடிவாரம் வரும்போது யாரோ கையால் பிசைந்த மாதிரி நசுங்கியிருக்கும்.

இப்போது விமானத்துக்கு வருவோம். வானத்தில் 34,000 அடியில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்று 8,000 அடி உயரத்து மலையில் இருப்பதைவிட மெலிந்துவிடக் கூடாது என்பது விதி. இதைக் கேபின் உயரம் என்பார்கள். ஊட்டி தொட்டபெட்டா 8,650 அடி. ஆக, விமானப் பயணி உட்கார்ந்திருப்பது ஏற்காட்டுக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவில் எங்கோ. ஜன்னலுக்கு வெளியே இருப்பதோ கடல்மட்டக் காற்றழுத்தத்தில் கால் பங்கு.

அந்தக் கால்பங்குக் காற்றில் மனிதன் எவ்வளவு நேரம் சரியாகச் செயல்பட முடியும்? பயிற்சிப் புத்தகங்கள் தரும் கணக்கு இது: 18,000 அடியில் இருபது முப்பது நிமிடம், 25,000 அடியில் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம், 35,000 அடியில் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். அதற்குப் பிறகு உயிர் இருக்கும், ஆனால் சரியான முடிவெடுக்கும் தெளிவு இருக்காது.

இன்னொன்றையும் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் எல்லா இடத்திலும் தேவைப்படும். ஆக்ஸிஜன் குறையும்போது மூச்சுத் திணறல் மாதிரி எச்சரிக்கை எதுவும் பெரிதாக வராது. லேசான உற்சாகம் வரும். எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று தோன்றும். அழுத்தம் குறைத்த அறையில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுக்கும்போது, தாளில் சின்னக் கழித்தல் கணக்குகள் போடச் சொல்வார்கள். கையெழுத்து கோணலாகிக் கிறுக்கலாகும். வெளியே வந்து அந்தத் தாளைப் பார்க்கும்வரை, நன்றாகச் செய்ததாகவே அவர் நம்பிக்கொண்டிருப்பார். விபத்து அறிக்கையைப் படிக்கும்போது ‘இது கூடவா தெரியவில்லை?’ என்று கோபம் வந்தால் அந்தக் கோணல் கையெழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரத்தைப் புரிந்துகொள்ள மேட்டூர் போதும்

அணைக்குத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. மதகை எவ்வளவு திறந்து வைக்கிறோம் என்பதைப் பொறுத்து நீர்மட்டம் நிற்கிறது. விமானத்திலும் அப்படித்தான். என்ஜினிலிருந்து எடுத்த காற்றைக் குளிரவைத்து இடைவிடாமல் உள்ளே அனுப்புகிறார்கள். பின்பக்கம் வெளியேற்று வால்வு ஒன்று இருக்கிறது, அதுதான் மதகு. அதை விரித்தும் சுருக்கியும் உள்ளழுத்தத்தை நிறுத்துகிறார்கள். வழக்கமாக ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இதைத் தானாகச் செய்துகொள்ளும். விமானி அறையின் மேல் பலகையில் ஒரு குமிழ் உண்டு. ஆட்டோவில் இருந்தால் பெட்டி பார்த்துக்கொள்ளும். மேனுவலுக்குத் திருப்பினால், யாராவது கையால் நகர்த்தும்வரை மதகு விட்ட இடத்திலேயே நிற்கும்.

மதகு திறந்தே கிடந்தால் காவிரியில் எவ்வளவு வந்தாலும் அணை நிரம்பாது. ஹீலியோஸ் விமானத்தில் நடந்ததை இந்த ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் ஏன் நடந்தது என்பதற்கு அந்த வரி போதாது.

வலுவையும் கணக்கில் எடுங்கள். உயரத்தில் பறக்கும்போது உள்ளிருந்து சதுர அங்குலத்துக்கு எட்டு பவுண்டு அளவில் வெளியே தள்ளும். சதுர அடிக்கு மாற்றினால் ஏறக்குறைய அரை டன். ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் விமானத்தின் உடம்பு இந்த விசையில் கொஞ்சம் விரிந்து சுருங்குகிறது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிவது போல, உலோகமும் களைக்கும்.

எந்த வகை என்று முதலில் பிரியுங்கள்

காற்றழுத்த விபத்து என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே மூன்று வேறு கதைகள் இருக்கின்றன. ஒன்று, அழுத்தம் ஏறவே இல்லை. இரண்டு, ஏறிய அழுத்தம் மெதுவாகக் கசிந்து போய்விட்டது. மூன்று, ஏதோ ஒன்று வெடித்துத் திறந்து நொடியில் போய்விட்டது.

மூன்றாவதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் எளிது. பிய்ந்த பாகம் மற்ற சிதறல்களிலிருந்து விலகி, விமானம் வந்த வழியில் முன்னதாகவே கிடக்கும். 1974 மார்ச் 3 அன்று பாரிஸ் அருகே துருக்கி விமானம் விழுந்து 346 பேர் இறந்தார்கள். அதன் பின்பக்கச் சரக்குக் கதவு பறப்பின்போதே பிய்ந்து போயிருந்தது. 1985 ஆகஸ்ட் 12 அன்று ஜப்பானில் 520 பேர் இறந்த விபத்தில் உடைந்தது, வாலுக்கு முன்னால் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவர். ஏழு வருடத்துக்கு முன் தரையில் வால் உரசியதற்காக அதைப் பழுதுபார்த்தபோது, இரண்டு வரிசை ஆணி பிடிக்க வேண்டிய இடத்தில் ஒரு வரிசைதான் பிடித்தது. அதாவது 1985இன் காரணம் 1978இல் இருந்தது. அதனால் இந்த வகையைப் பிடித்தவுடன் பழைய பழுதுபார்ப்புப் பதிவேடுகளைப் புரட்ட வேண்டும்.

முதல் இரண்டு வகைகளில் விமானத்தின் உடம்பு முழுதாக இருக்கும். மௌனமாகப் பறந்து, எரிபொருள் தீர்ந்து விழும். 1999இல் அமெரிக்க கோல்ஃப் வீரர் பெய்ன் ஸ்டூவர்ட் சென்ற சிறு ஜெட் ஃபுளோரிடாவில் கிளம்பி, டல்லாஸுக்குத் திரும்பாமல் நேராகப் பறந்து, தெற்கு டகோட்டாவில் விழுந்தது. அழுத்தம் ஏன் போனது என்று விசாரணையால் கடைசிவரை தீர்மானிக்க முடியவில்லை. அறிக்கையும் அதை அப்படியே எழுதியது. தெரியாததைத் தெரியாது என்று எழுதும் அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஹீலியோஸ் இதில் எந்த வகை? அதற்கு நேரத்தைப் பார்க்க வேண்டும்.

முதல் நாள் செய்தியை ஓரமாக வையுங்கள்

விபத்து நடந்த அன்று கடத்தல் என்றார்கள், பயங்கரவாதம் என்றார்கள். விமானத்தில் இருந்த உறவினர் அனுப்பியதாக ஒருவர் ஒரு குறுஞ்செய்தியைப் பற்றிச் சொன்னார். விமானி நீலம் பூத்துவிட்டார், எல்லோரும் குளிரில் உறைகிறோம் என்று அதில் இருந்ததாம். உலகம் முழுக்கப் பரவியது. விசாரித்தால் அப்படி ஒரு செய்தியே வரவில்லை, அந்த ஆளைக் கைது செய்தார்கள். ஆனால் அந்தக் கதை கேட்பதற்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது! பொருந்துகிறது என்பதற்காக ஒன்றைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நோட்டின் பின்பக்கத்தில் ‘கேள்விப்பட்டது’ என்று தலைப்பிட்டு அங்கே எழுதி வையுங்கள். முன்பக்கத்துக்கு வர அதற்குத் தனிச் சான்று வேண்டும்.

நேரக்கோடு போடுங்கள்

வேலையின் பெரும்பகுதி இதுதான். புதியவர்களை இதில் நான் அவசரப்படுத்துவதே இல்லை. பெரிய தாள் ஒன்றை எடுத்து மூன்று பத்தி கீறுங்கள்: நேரம், விமானம் செய்தது, மனிதர் செய்தது. எங்கள் வீட்டில் பழைய காலண்டர்களின் பின்பக்கத்தைப் பயன்படுத்துகிறோம்.

ஹீலியோஸின் கோடு விபத்து நாளுக்கு முந்தின இரவே தொடங்குகிறது. லண்டனிலிருந்து வந்த பணியாளர்கள், பின்பக்கச் சேவைக் கதவின் ஓரத்தில் பனி பிடிப்பதாகவும் சத்தம் கேட்பதாகவும் எழுதிவைத்தார்கள். தரைப் பொறியாளர் கதவைப் பார்த்து, கசிவு இருக்கிறதா என்று அழுத்தச் சோதனை செய்தார். தரையில் அந்தச் சோதனையைச் செய்ய குமிழை மேனுவலுக்கு மாற்றத்தான் வேண்டும். சோதனை முடிந்தது. குமிழ் ஆட்டோவுக்குத் திரும்பவில்லை.

காலையில் விமானிகள் வந்தார்கள். கிளம்பும் முன் ஆயத்தச் சோதனை, என்ஜின் ஓட்டும் முன் சரிபார்ப்புப் பட்டியல், மேலெழுந்த பின் இன்னொரு பட்டியல். குமிழைக் கவனிக்க மூன்று வாய்ப்புகள் இருந்தன. மூன்றிலும் கண்ணில் படவில்லை.

09:07க்கு விமானம் எழுந்தது. 09:12க்கு, 12,000 அடியைத் தாண்டியபோது, எச்சரிக்கை ஹாரன் அடித்தது. இந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கச் சொல்வேன். அந்த ரக விமானத்தில் இரண்டு வேறு ஆபத்துகளுக்கு ஒரே ஹாரன் ஒலிதான். தரையில் அடித்தால், கிளம்புவதற்கான அமைப்பில் ஏதோ தவறு என்று அர்த்தம். வானத்தில் அடித்தால், கேபின் உயரம் ஆபத்தான அளவுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். விமானிகள் தங்கள் வேலைநாட்களில் முதலாவதைக் கேட்டிருக்க வாய்ப்பு அதிகம், இரண்டாவது மிக அபூர்வம். காது பழகியதையே மூளை எடுத்துக்கொண்டது. நிறுவனத்தைக் கூப்பிட்டு, கிளம்பும் அமைப்பு எச்சரிக்கை அடிக்கிறது என்றுதான் கேப்டன் சொன்னார்.

அடுத்து, மின்னணுக் கருவிகளைக் குளிர்விக்கும் காற்று போதவில்லை என்று விளக்குகள் எரிந்தன. காற்று மெலிந்துபோனதால் அவை எரிந்தன. வேர் ஒன்றுதான். ஆனால் உள்ளே இருப்பவருக்கு அது வேறொரு புதிய கோளாறாகத் தெரிந்தது. பயணிகள் பகுதியில் ஆக்ஸிஜன் முகமூடிகளும் விழுந்துவிட்டன. விமானம் தொடர்ந்து ஏறிக்கொண்டே இருந்தது.

ரேடியோவில் தரைப் பொறியாளர், அழுத்தப் பலகை ஆட்டோவில் இருக்கிறதா என்று கேட்டார். கேள்வி மிகச் சரியானது. கேப்டன் அதற்குப் பதில் சொல்லாமல், குளிர்விப்புக் கருவியின் சர்க்யூட் பிரேக்கர் எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார். கோணல் கையெழுத்து நினைவுக்கு வருகிறதா? 09:20க்கு, 28,900 அடியில், கடைசிப் பேச்சு. எழுந்து பதின்மூன்று நிமிடம், ஹாரன் அடித்து எட்டு நிமிடம்.

அதன்பின் ஆட்டோபைலட் தனக்குக் கொடுத்த வழியில் போனது. 34,000 அடியில் சமநிலைக்கு வந்து, ஏதென்ஸ் பக்கம் போய், கேயா தீவின் மேல் வட்டமடித்தது. 11:24க்குக் கிரீஸ் விமானப்படையின் இரண்டு எஃப்-16 விமானங்கள் அருகில் வந்தன. கேப்டனின் இருக்கை காலி, துணை விமானி சாய்ந்து கிடந்தார், பயணிகள் அசையவில்லை என்று அவற்றின் விமானிகள் சொன்னார்கள். 11:49க்கு ஒருவர் விமானி அறைக்குள் வந்து கேப்டன் இருக்கையில் உட்கார்ந்தார். விமானி உரிமம் பெற்றிருந்த விமானப் பணியாளர் அவர். கிட்டத்தட்ட அதே சமயம் எரிபொருள் தீர்ந்து இடது என்ஜின் நின்றது. பத்து நிமிடத்தில் வலது என்ஜினும் நின்றது. மக்கள் வசிக்கும் பக்கத்திலிருந்து விலகி, 12:04ஐ ஒட்டி மலையில் மோதியது.

இந்த இடத்தை வாசித்த நாளில் எங்கள் வீட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஓமலூரிலிருந்து வரும் பையன் எழுந்து போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டான். அப்படி உட்காருவது நல்லதுதான். இது மனிதர்கள் செத்த கதை என்பதை மறந்துவிட்டு நேரக்கோடு போடுகிறவரை நான் நம்பமாட்டேன்.

இப்போது வகையைத் தீர்மானிக்கலாம். எழுந்த ஐந்தாவது நிமிடத்திலேயே ஹாரன். வெடிப்பு இல்லை, பிய்ந்த பாகம் இல்லை. அழுத்தம் ஏறவே இல்லாத முதல் வகை.

ஒவ்வொரு சான்றுக்கும் என்ன தெரியும், என்ன தெரியாது?

கறுப்புப் பெட்டி கிடைத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் வருகிறார்கள். இந்த விமானத்தின் குரல் பதிவுக் கருவி கடைசி முப்பது நிமிடத்தை மட்டும் வைத்துக்கொள்ளும், பழையதை அழித்து அதன்மேல் எழுதும். விமானம் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பறந்தது. நமக்கு மிகவும் தேவையான முதல் பதின்மூன்று நிமிடப் பேச்சு அதில் இல்லை. எண்களைப் பதியும் மற்றொரு கருவியும், தரையில் இருந்தவர்கள் கேட்ட ரேடியோப் பேச்சும்தான் அந்த இடைவெளியை நிரப்பின.

அடுத்து, சிதைவில் கிடைத்த பலகை. குமிழ் மேனுவலில் இருந்தது. உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். மலையில் மோதும் வேகத்தில் ஸ்விட்சுகள் தானே நகர்வதுண்டு. அதனால் மோதல் தடங்களைப் பார்க்க வேண்டும், வேறொரு சான்றும் அதே கதையைச் சொல்ல வேண்டும். இங்கே அழுத்தக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மின்சாரம் போனாலும் அழியாத நினைவுச் சில்லு ஒன்று தப்பியிருந்தது. சில்லின் பதிவு, குமிழின் நிலை, ஓரளவு திறந்து கிடந்த வெளியேற்று வால்வு மூன்றும் ஒத்துப்போயின. ஒத்துப்போகும் மூன்று சாட்சிகள் கிடைக்கும்வரை காத்திருப்பது நல்ல பழக்கம்.

இறந்தவர்களின் உடலும் சாட்சி சொல்லும். 1954 ஜனவரி 10 அன்று இத்தாலியின் எல்பா தீவருகே கடலில் விழுந்த காமெட் ஜெட் விமானத்தில் பலருக்கு நுரையீரல் கிழிந்திருந்ததைப் பீசா நகர மருத்துவர்கள் கண்டார்கள். அழுத்தம் நொடியில் போனால் அப்படி ஆகும். ஹீலியோஸில் பிரேதப் பரிசோதனை சொன்னது வேறு: மோதிய நேரத்தில் அவர்களின் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. சுயநினைவு இருந்தது என்று அதற்கு அர்த்தமில்லை. இரண்டையும் பிரித்து எழுதத் தெரிய வேண்டும், குறிப்பாக உறவினர்கள் படிக்கப்போகும் எழுத்தில்.

‘விமானி தவறு’ என்ற இடத்தில் நிற்காதீர்கள்

“அப்போ பைலட்டுங்க தப்புதானுங்களே சார்? குமிழைப் பார்த்திருந்தா முடிஞ்சுதுங்களே” என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. பதிலுக்கு என் கதையைச் சொன்னேன்.

வேலையில் சேர்ந்து நாலாவது வருடம். இரவு ஷிஃப்ட், மணி இரண்டரை. ஒரு விமானத்தில் இதே மாதிரி அழுத்தச் சோதனையை முடித்தேன். கீழேயிருந்து இன்னொரு விமானத்துக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். குமிழ் மேனுவலிலேயே இருந்தது. காலை ஷிஃப்டுக்கு வந்த பெரியவர் அதைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டிருந்த தாளை இருவரும் பார்த்தோம். ‘சோதனை முடிந்தது’ என்ற வரி இருந்தது. ‘குமிழ் பழைய நிலைக்கு வந்தது’ என்ற வரி அதில் இல்லை. நான் கெட்ட தொழிலாளி இல்லை. அன்று இரவு நான் செய்ததைத்தான் லார்னகாவிலும் ஒருவர் செய்தார் என்று அறிக்கை படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

அதனால் காரணத்தைத் தேடும்போது ‘யார்’ என்று கேட்டுவிட்டு, அங்கிருந்து நகர்ந்து ‘எது அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது’ என்று கேளுங்கள். இரண்டு ஆபத்துக்கு ஒரே ஒலி ஏன்? முன்பே இதே ரக விமானத்தில் இப்படிப்பட்ட சம்பவங்கள் நடந்திருந்தும் தயாரிப்பாளரின் நடவடிக்கை ஏன் போதவில்லை? நிறுவனத்தில் தரக் கண்காணிப்பு எப்படி இருந்தது, அதை மேற்பார்வை செய்ய வேண்டிய அரசு அமைப்பு என்ன செய்தது? முகமூடி விழுந்தும் விமானம் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் பணிப்பெண் என்ன செய்ய வேண்டும் என்று எந்த நடைமுறையிலாவது எழுதியிருந்ததா? முகமூடியில் ஆக்ஸிஜன் ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடத்துக்குத்தான் வரும்.

கிரீஸ் விசாரணைக் குழு 2006இல் வெளியிட்ட அறிக்கை இந்தக் கேள்விகள் அத்தனைக்குள்ளும் போகிறது. விமானிகள் குமிழையும் எச்சரிக்கைகளையும் கண்டுகொள்ளாதது, ஆக்ஸிஜன் குறைந்து செயலிழந்தது, எரிபொருள் தீர்ந்தது ஆகியவற்றை நேரடிக் காரணங்களாக வைத்தது. நிறுவனம், மேற்பார்வை அமைப்பு, தயாரிப்பாளர் ஆகியோரின் குறைகளை மறைந்திருந்த காரணங்களாகத் தனியே வைத்தது. உங்கள் தாளிலும் அப்படியே இரண்டு கட்டம் போடுங்கள்.

நம் நாட்டிலும் இதற்கு நெருங்கிய சம்பவம் உண்டு. 2018 செப்டம்பர் 20 அன்று மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் கிளம்பிய விமானத்தில், என்ஜின் காற்றைக் கேபினுக்குத் திறந்துவிடும் ஸ்விட்சைப் போட மறந்தார்கள். 166 பயணிகளில் முப்பது பேருக்கு மேல் மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்தது. நல்லவேளை, விமானம் உடனே மும்பைக்குத் திரும்பியது. யாரும் சாகாத இத்தகைய சம்பவங்களை அதிகம் படியுங்கள். சொல்வதற்கு ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

ஊகத்தைச் சோதிக்காமல் விடாதீர்கள்

எல்பா விபத்துக்குப் பிறகு காமெட் விமானங்களை நிறுத்திவைத்தார்கள். காரணம் தெரியவில்லை. இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம் என்று ஊகித்து, ஊகித்ததையெல்லாம் சரிசெய்து, மார்ச் 23 அன்று மறுபடி பறக்கவிட்டார்கள். பதினாறாவது நாள், ஏப்ரல் 8 அன்று, இன்னொரு காமெட் நேப்பிள்ஸ் அருகே கடலில் விழுந்தது.

அதன்பிறகுதான் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார்கள். உள்ளே தண்ணீரை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி, பறந்து இறங்குவதை அப்படியே திரும்பத் திரும்பச் செய்தார்கள். தண்ணீர் ஏன்? காற்றை அழுத்தினால் உடைகிற நேரத்தில் வெடித்துத் தடயத்தையே சிதறடித்துவிடும். தண்ணீர் அப்படிச் சுருங்கி விரியாது, விரிசல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். நிஜப் பறப்பையும் தொட்டியையும் சேர்த்து 3,057ஆவது சுற்றில் உடம்பு கிழிந்தது. உலோகக் களைப்பு என்று உறுதியானது. ஹீலியோஸ் விசாரணையிலும் அதே ரக விமானத்தை 2005 டிசம்பரில் அதே மாதிரி பறக்கவைத்துப் பார்த்தார்கள்.

எங்கள் குழு தண்ணீர்த் தொட்டிக்கு எங்கே போகும்? ஆனால் சோதிக்க வழி இல்லாமல் இல்லை. கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் ஒருவர் முன், வண்டி ஹாரன் ஒலியை இரண்டு வேறு அர்த்தங்களுக்கு அடித்துக் காட்டி, கூடவே கணக்கும் போடச் சொல்லிப் பாருங்கள். எத்தனை முறை பழகிய அர்த்தத்தையே எடுத்துக்கொள்கிறார் என்று எண்ணுங்கள்.

சாதாரண மனிதர்கள் கேட்டால் எதுவும் மாறாது என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்வேன். 1989 பிப்ரவரி 24 அன்று ஹவாயிலிருந்து கிளம்பிய ஒரு ஜம்போ விமானத்தின் சரக்குக் கதவு வானத்தில் பிய்ந்து, ஒன்பது பேர் வெளியே இழுத்துச் செல்லப்பட்டார்கள். விமானம் எப்படியோ திரும்பி இறங்கியது. கதவு பசிபிக் கடலுக்கு அடியில். அது கைக்கு வராமலேயே 1990இல் அறிக்கை வந்தது, கதவைக் கையாண்ட விதத்தையும் பராமரிப்பையும் பெரிதும் குறை சொன்னது. மகனை இழந்த நியூசிலாந்துத் தம்பதி அதை ஏற்கவில்லை. ஆவணங்களைத் தேடித் திரட்டி, மின்கோளாறால் கதவு தானே திறந்திருக்க வேண்டும் என்று விடாமல் சொன்னார்கள். பிறகு ஏறக்குறைய 14,000 அடி ஆழத்திலிருந்து கதவை எடுத்துப் பார்த்தபோது தடயம் அந்தப் பக்கமே காட்டியது. 1992இல் அறிக்கையைத் திருத்தி எழுதினார்கள்.

எழுதும்போது

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 13ஆவது இணைப்பு, விசாரணையின் நோக்கம் விபத்தைத் தடுப்பதே, யார் மீதும் பழி போடுவதல்ல என்கிறது. இந்தியாவில் 2012 முதல் இந்த வேலைக்குத் தனி விசாரணை அமைப்பு இருக்கிறது. அதன் இறுதி அறிக்கைகளை இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். படித்துவிட்டு உங்கள் நடையையும் அதற்கேற்ப மாற்றுங்கள். ‘அலட்சியத்தால்’ என்று எழுதாதீர்கள், செய்ததை மட்டும் எழுதுங்கள். ‘குமிழ் மேனுவலில் இருந்தது’ என்பது செய்தி. ‘கவனக்குறைவாக விட்டுவிட்டார்’ என்பது நீங்கள் ஏற்றிய தீர்ப்பு. தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை, அதை அங்கே விட்டுவிடுவோம்.

நேரக்கோட்டின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எந்தச் சான்றிலிருந்து வந்தது என்று குறியுங்கள். சான்று இல்லாத வரியை அடித்துவிடுங்கள், எவ்வளவு ஆசையாக எழுதியிருந்தாலும் சரி.

கடைசியாக, பரிந்துரைகள் என்ன ஆயின என்று தேடுங்கள். பல பேர் இந்தப் பக்கம் வருவதே இல்லை. ஹாரன் ஒலிக்கும்போது அது கிளம்பும் அமைப்பா, கேபின் உயரமா என்று தனித்தனியாகக் காட்டும் விளக்குகளைப் பழைய 737 ரகங்களில் பொருத்த வேண்டும் என்று அமெரிக்க விமானத்துறை கட்டாயமாக்கியது 2011இல். ஹீலியோஸில் அந்த ஹாரன் அடித்தது 2005 ஆகஸ்ட் 14 காலை 09:12க்கு. இரண்டு தேதிகளையும் நேரக்கோட்டின் வலது ஓரத்தில் எழுதி, நடுவில் எத்தனை வருடம் என்று குறித்துவிட்டுத்தான் தாளைச் சுருட்டி வைக்க வேண்டும். அடுத்த ஞாயிறு நாங்கள் ஜப்பான் அறிக்கையைத் திறக்கிறோம். அதற்கு முன் ஏற்காடு போய்வந்து அளவுகளைக் குறித்திருக்க வேண்டும், நசுங்கின பாட்டிலையும் கொண்டுவர வேண்டும்.